இடப்பக்கம் காலியாக இருந்தது

பின்னால் வந்த கார் மோதியபோது யுவராணி தன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டிருந்தாள்.

பகல் இரண்டு மணி. காலை ஷிப்டு முடிந்து துறைமுகத்திலிருந்து பட்டாபிராமிலுள்ள வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளிவட்டச் சாலையில் செங்குன்றம் தாண்டியதும், முன்னால் போன லாரியிலிருந்து ஒரு தார்ப்பாய் கழன்று நடுச் சாலையில் விழுந்தது. உள்ளே என்ன சுற்றியிருக்கிறதோ தெரியவில்லை. பிரேக்கை மிதித்தாள். சற்று முன்புதான் மழை விட்டிருந்தது. இருந்தும் வண்டி வழுக்காமல் அடங்கியது. மூச்சை விட்ட அதே நொடியில் பின்னாலிருந்து அடி விழுந்தது. தலை ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது. கழுத்துக்குள் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது.

இறங்கிப் பார்த்தாள். பெரிய வெள்ளைக் கார், தானாக ஓடும் ரகம். இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். அடி பலமா என்று கேட்டார், மன்னிப்பும் கேட்டார். வண்டியை நான் ஓட்டவில்லை மேடம் என்றார். அதுவும் உண்மைதான். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் பார்த்தது சாலையை. ஈரத் தாரில் பின் வண்டியின் டயர் தேய்ந்த தடம் ஒரு சாண்கூட இல்லை. சாலையின் இடப்பக்கம் லாரி ஒதுங்கி நிற்கும் அளவுக்கு அகலமான மண் ஓரம் வெறிச்சென்று கிடந்தது. ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. அந்தக் காரை நான் ஓட்டியிருந்தால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் ஒடித்திருப்பேன் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் தலையை ஆட்டினார்.

அந்த வருடங்களில் பாதிக்கு மேற்பட்ட கார்கள் தாமாகவே ஓடின. அவற்றை ஓட்டிய மென்பொருளுக்கு ‘வழித்துணை’ என்று பெயர். விரைகதி என்ற நிறுவனம் செய்தது. யுவராணியைப் போலப் பழைய வண்டியைக் கையால் ஓட்டுகிறவர்களும் வண்டிக்குள் ஒரு சிறு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வண்டி யாருடையது, எடை என்ன, பிரேக் எப்படிப் பிடிக்கும் என்றெல்லாம் அந்தப் பெட்டி பின்னால் வரும் வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு பின் வண்டி போதுமான இடைவெளி விடும். எல்லாம் நம் பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் பெட்டியைப் பொருத்தினார்கள்.

பத்து நிமிடத்தில் அவள் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. விரைகதி வருந்துகிறது, வண்டியைச் சரிசெய்யும் செலவையும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கும் செலவையும் ஏற்கிறது, சம்மதமென்றால் கீழே உள்ள பச்சைக் கட்டத்தைத் தொடவும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இதற்குப் பிறகு எந்த வழக்கும் தொடுக்க முடியாது என்று இருந்தது. தொட்டுவிடு, விஷயம் முடியட்டும் என்று கணவன் லோகேஷ் அன்று மாலை இரண்டு முறை சொன்னான். அவள் தொடாமல் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. குனிந்து போனைப் பார்க்க முடியாத அளவுக்குக் கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

அவள் கிரேன் ஓட்டுபவள். கண்டெய்னர் அடுக்கும் பெரிய கிரேன்களை இப்போதெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே இயக்குகிறார்கள். அந்தத் துறைமுகத்தில் மட்டும் ஆள் ஏறி உட்காரும் கிரேன் மூன்று மிச்சமிருந்தது. ஒன்று அவளுடையது. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கூண்டு; எட்டு மணி நேரமும் குனிந்து கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி வேலை. பதினான்கு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட அவள் தவறாக இறக்கியதில்லை. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போய்க் கூண்டில் ஏறி உட்கார்ந்தாள். குனிந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே நின்றவர்கள் ஒயர்லெஸ்ஸில் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறும், ஆனால் பழையபடி ஆகாது, குனிந்து செய்கிற வேலையை விட்டுவிடுவது நல்லது என்றார் மருத்துவர். துறைமுகத்தில் அவளை வாயிலுக்கு மாற்றினார்கள். உள்ளே வரும் பெட்டிகளின் முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

அந்த வாரமே விரைகதியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. விசாரித்துப் பார்த்ததில், காரணமில்லாமல் திடீரெனப் பிரேக் பிடித்ததால் விபத்துக்கு நாற்பது பங்கு பொறுப்பு யுவராணியுடையது என்று தெரியவந்திருக்கிறதாம். பதினைந்து நாளுக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பு சொன்ன உதவியும் கிடையாதாம்.

அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான். கடிதத்தை மூன்று முறை படித்தாள். காரணமில்லாமல். அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தார்ப்பாய் விழுந்தது அவர்களுக்குத் தெரியாதா? அந்த வண்டியைச் சுற்றிப் பதினொரு கேமரா இருக்கிறது. விட்டுத் தொலை என்றான் லோகேஷ். அவளோடு வாழ்ந்த பதினாறு வருடத்தில் பார்க்காத ஒரு முகத்தை அவன் அன்று பார்த்தான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துறைமுகத்தில் உடன் வேலை செய்த ஒருவர், பூந்தமல்லியில் வக்கீல் ஹசீனாவைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஹசீனாவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் வாதாடியவள். அங்கே எப்படியெல்லாம் மறுப்பார்கள் என்று கற்றுக்கொண்டு வெளியே வந்துவிட்டவள். நீதிமன்றத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் அலுவலகம். நடந்ததையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை அவள் ஒன்றும் எழுதவில்லை.

“முன்னாடியெல்லாம் பின்னாடி வந்து இடிக்கிறதுக்கு நாலஞ்சு காரணம்தான்க்கா,” என்றாள். “ஒட்டிக்கிட்டே வருவான். போனைப் பார்ப்பான். தூங்கிடுவான், இல்ல குடிச்சிருப்பான். மழையில பிரேக் பிடிக்காது. எதுவா இருந்தாலும், நீ ஏன் இடைவெளி விடலைன்னு கோர்ட்டு முதல்ல பின்னாடி வந்தவனைத்தான் கேட்கும். இப்ப இந்த வழித்துணை தூங்குமா, போன் பார்க்குமா? உங்க பிரேக் எப்படிப் பிடிக்கும்னு உங்களைவிட அதுக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் இடிச்சது? அதைத்தான் நாம கேட்கணும்.”

என்ன செய்யலாம் என்று யுவராணி கேட்டாள். ஹசீனா எதையும் மறைக்காமல் சொன்னாள். பச்சைக் கட்டத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்துகொள்ளலாம், இரண்டு மாதத்தில் முடியும், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இல்லையென்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அதற்கு வருடக்கணக்கில் நடக்க வேண்டும். வேலை போனது, வலி, இனி வரப்போகிற செலவு எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். போலீஸில் புகார் கொடுத்துப் பயனில்லை. வண்டியை ஓட்டியது ஒரு மென்பொருள், அதைக் கைது செய்ய முடியாது.

“எத்தனை பேரு மூணாவது வழிக்கு வர்றாங்க?”

“என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு ரெண்டாவதோட நின்னுடுவாங்க. என்கிட்ட வராதவங்கதான்க்கா நிறைய.”

யுவராணி மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

மோதுவதற்கு முன் வண்டி என்ன கணக்குப் போட்டது என்கிற பதிவைத் தர வேண்டும் என்று ஹசீனா கேட்டாள். அது தொழில் ரகசியம் என்றது விரைகதி. நான்கு மாதம் அதிலேயே போனது. வாய்தாவுக்கு வாய்தா யுவராணி சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். தாழ்வாரத்தில் பெஞ்சு நிரம்பியிருந்த நாட்களில் கழுத்துப் பட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். கம்பெனி வக்கீல் ஒருநாள் அவளைத் தாண்டிப் போகும்போது நின்று, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம், ஒரு நல்ல முடிவுக்கு வந்துவிடலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப முயன்று, முடியாமல், உடம்பு முழுவதையும் திருப்பினாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

கடைசியில் பதிவைத் தரச் சொல்லி, நீதிபதியாக இருந்த அம்மையார் உத்தரவிட்டார். அதை விளக்கக் கம்பெனி ஒரு பொறியாளரை அனுப்பியது. நிரஞ்சன் என்று பெயர், மரியாதையான பையன், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான். பொய் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அதில் தவறு இருப்பதாகவே அவன் நினைக்கவில்லை.

தார்ப்பாய் விழுந்ததை வழித்துணை பார்த்ததா என்று ஹசீனா கேட்டாள். பார்த்தது என்றான். இடைவெளி போதவில்லையா? சாலை ஈரம், இடைவெளி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என்றான். வேகம் குறைந்தால் பயணிகள் குறை சொல்கிறார்கள், அதனால் அப்படி வைத்திருக்கிறோம். முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருந்தது? ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அது வழித்துணைக்கு ஏராளம்.

“அந்த நேரத்துல உங்க வண்டி முன்னாடி எத்தனை வழி இருந்துச்சு?”

“மூணு. முழு பிரேக் போட்டு முன் வண்டியில மெதுவா மோதலாம், ஆனா உள்ள இருக்கிறவருக்குக் குலுங்கும். இடப்பக்கம் மண்ணுல இறங்கலாம். இல்லன்னா பிரேக்கைப் பாதி போட்டு மோதலாம்.”

“மண்ணுல இறங்கியிருந்தா?”

“யாருக்கும் அடி படாது. வண்டியோட அடிப்பாகத்துல பேட்டரி உறை கிழியும். அது பெரிய செலவு.”

“அப்ப பேட்டரி உறையைக் காப்பாத்த இவங்க கழுத்தை உடைச்சீங்க.”

கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அப்படி இல்லை மேடம் என்று நிரஞ்சனே முந்திக்கொண்டான். மனிதர்களின் காயத்துக்கும் கணக்கு உண்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் குறைந்த செலவுள்ள வழியை வண்டி எடுக்கும் என்று விளக்கினான். நீதிபதி அந்தப் பதிவின் அச்சுப் பிரதியைத் தன் முன்னால் விரித்து வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். காயத்தின் மதிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது. அதைக் கொண்டு காயத்தின் மதிப்பைப் பெருக்கியிருந்தார்கள். இந்த நான்கு சதவீதம் என்பது என்ன என்று கேட்டார்.

நிரஞ்சன் முதல் முறையாகத் தயங்கினான்.

“முன்னாடி போற வண்டிக்காரங்க கோர்ட்டுக்கு வர்ற வாய்ப்பு, மேடம்.”

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். வண்டியின் பெட்டி உரிமையாளர் யாரென்று சொல்லும். வயது, தொழில், எந்த ஊர், வண்டி எவ்வளவு பழையது, இதற்கு முன்னால் வழக்குப் போட்டிருக்கிறார்களா, அவர்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் பச்சைக் கட்டத்தைத் தொட்டிருக்கிறார்கள், எல்லாம் பொதுவில் கிடைக்கும் தகவல்தான். நூறு பேரில் நான்கு பேர் வருவார்கள் என்றால், காயத்தின் செலவு நூற்றில் நான்கு பங்கு. அவன் அதைச் சொல்லும்போது கையால் காற்றில் ஒரு சின்னக் கோடு போட்டுக் காட்டினான்.

யுவராணி எழுந்து நின்றாள். ஹசீனா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

“நான் வர மாட்டேன்னு தெரிஞ்சு இடிச்சீங்களா?”

அவன் நீதிபதியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நாங்கள் யாரையும் குறிவைக்கவில்லை மேடம், அது கணக்கு என்றான்.

“எனக்குப் பின்னாடி வந்தது உன் வண்டி. நான் யாரு, எங்க வேலை, எனக்குக் கேட்க ஆளு இருக்கான்னு அவ்வளவும் பார்த்துட்டு, இவளை இடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ணியிருக்கு. அந்தக் கணக்கை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கீங்க இல்ல? டீ குடிச்சிக்கிட்டே எழுதினீங்களா?”

உட்காருங்கள் அம்மா என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை. யுவராணி உட்கார்ந்தாள்.

தீர்ப்பு முழுவதும் அவள் பக்கம் வந்தது. அந்த நாற்பது பங்குப் பொறுப்பை நீதிபதி ஒரே வரியில் தள்ளினார். கேட்ட இழப்பீடு ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. ஆனால் அந்த எண்ணை எடுக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட முடியாது, இழப்பீட்டை முடிவுசெய்யும் அதிகாரம்தான் அதற்கு உண்டு. அரசு கவனிக்க வேண்டிய விஷயம் என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு அவகாசம் கேட்டது. செய்தித்தாளில் ஹசீனாவின் படம் வந்தது.

யுவராணி மறுபடி அதே சாலையில் அதே வண்டியில் வாயில் வேலைக்குப் போய்வந்தாள். இரண்டாவது வாரம் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாள். அவளுக்குப் பின்னால் வண்டியே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் நூறு நூற்றைம்பது அடிக்கு வெற்றுச் சாலை. அதற்கப்பால்தான் தானாக ஓடும் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. வேகத்தைக் குறைத்தாள், அவையும் குறைத்தன. தடம் மாறினாள், பின்னால் வந்ததும் விலகி வேறு தடத்துக்குப் போனது. அமைச்சர் வண்டிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. முதல் இரண்டு நாள் அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பயப்படட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஹசீனாவிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஹசீனாவும் முதலில் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“அக்கா, உங்க நம்பர் இப்ப நூத்துக்கு நூறு இருக்கும். உங்களைத் தொட்டா என்ன செலவாகும்னு அதுக்குத் தெரியும். ஆனா எதையாவது இடிச்சே ஆகணும்னு ஒரு நிலைமை வந்தா, உங்களை விட்டுட்டு அது யார் பக்கம் திரும்பும்?”

அன்று ராத்திரி யுவராணி வேலைக்குப் போக வேறு வழி உண்டா என்று கணக்குப் பார்த்தாள். பேருந்தில் போகலாம் என்று நினைத்தாள். மூன்று பேருந்து மாறி, நின்றுகொண்டே, இரண்டரை மணி நேரம். கழுத்து அதைத் தாங்காது. குழு சீக்கிரம் முடிவெடுத்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காரிலேயே போனாள்.

பதினேழாம் நாள் காலை, ஒதுங்க ஓரமே இல்லாத நீண்ட நேர்சாலையில், ஒரு பெண் கைக்குழந்தையோடு தடுப்பைத் தாண்டிக் குறுக்கே வந்தாள். யுவராணி பிரேக் போட்டாள். மழை ஈரத்தில் அந்த நூற்றைம்பது அடியும் போதவில்லை; கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் வேகமாகப் பெரிதானது. அந்தக் கார் அவளைத் தொடவில்லை. சட்டென்று இடப்பக்கம் ஒடித்து, பக்கத்துத் தடத்தில் போய்க்கொண்டிருந்த ‘குட்டி யானை’ என்கிற ஒரு பழைய சிறு சரக்கு வண்டியின் பின்னால் முழு வேகத்தில் மோதியது. தண்ணீர் கேன்கள் வெடித்துச் சிதறின. உருண்ட கேன் ஒன்று அவள் கதவில் வந்து முட்டி நின்றது. குழந்தைக்காரி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யுவராணிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வண்டிக்காரரை வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

ஏழுமலை என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர், சோழவரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர். வலது தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்திருந்தன. மறுநாள் யுவராணி அரசு மருத்துவமனைக்குப் போனபோது கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அவளை அடையாளம் தெரிந்தது. வந்ததற்கு நன்றி சொன்னார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, ராத்திரி முழுக்க யோசித்தும் ஒன்று புரியவில்லை என்றார்.

“உங்க பின்னாடிதானேம்மா வந்துச்சு. உங்களை விட்டுட்டு என் மேல ஏன் வந்து ஏறுச்சு?”

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் கேள்வி கேட்ட விதத்தில் சந்தேகமே இல்லை. உலகத்தில் நடக்கிற ஒன்றைப் பற்றி வெறுமனே கேட்டார். யுவராணி முழுவதையும் சொன்னாள். தார்ப்பாய், வழக்கு, நான்கு சதவீதம், தீர்ப்பு, பின்னால் விழுந்த வெற்றிடம், ஹசீனா போனில் சொன்னது. எதையும் விடவில்லை.

“என்னை இடிச்சா நான் கோர்ட்டுக்குப் போவேன்னு அதுக்குத் தெரியும். நீங்க போக மாட்டீங்கன்னும் தெரியும்.”

ஏழுமலை கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூச்சு விடும்போது விலா வலித்திருக்க வேண்டும், வாயைச் சுளித்துக்கொண்டார்.

“இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் அந்த ரோட்டுல வந்தீங்களா?”

“ஆமா.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் வந்து டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். யுவராணி எழுந்திருக்கவில்லை. அந்த நிறுவனத்தின்மேல், அந்தப் பையன்மேல், குழுவின்மேல் என்று இத்தனை மாதம் எரிந்த கோபமெல்லாம் போக ஒரு பங்கு இப்போது தன்மேலும் எரிந்தது. அவள் அதைத் தணித்துக்கொள்ள முயலவில்லை.

“கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு,” என்றார் அவர் சுவரைப் பார்த்தபடியே. “எனக்கு ஞாயித்துக்கிழமையும் லோடு உண்டு. கோர்ட்டுல போய் நிக்க எனக்கு எங்க நேரம்?”

“நான் நிக்கிறேன். வாய்தா வாய்தாவுக்கு நான் போய் நிக்கிறேன். நீங்க வர வேண்டிய நாளைக்கு மட்டும் வாங்க. வக்கீல்கிட்ட பேசிட்டுத்தான் வந்தேன்.”

மனு எழுதுவதற்கான தாள்களைப் பையிலிருந்து எடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆனது. அப்பா பெயர் கேட்டாள், சொன்னார். வயது, கதவு எண், வண்டி எண். குனிந்து எழுத முடியாததால் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் வைத்து நின்றபடியே எழுதினாள். எழுதியதை அவரிடம் காட்டினாள். அவர் வரிக்கு வரி உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கையை நீட்டினார்.

“கையெழுத்துப் போடுறேன். ஆனா நீங்க பண்ணது சரின்னு நான் சொல்லலை.”

“சொல்ல வேணாம்,” என்றாள் யுவராணி. பேனாவை அவர் விரல்களுக்கு நடுவே வைத்து, தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். நான்கு எழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கார் புங்கமரத்தடியில் நின்றது. அவள் அதைக் கடந்து வாசலுக்கு வந்து, லோகேஷைப் போனில் கூப்பிட்டு, வண்டியை இழுத்துப்போக ஆள் அனுப்பச் சொன்னாள். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, யாரும் ஓட்டக் கூடாது, அது என் பெயரில் இருக்கிறது, யார் ஓட்டினாலும் பெட்டி பின்னால் வருகிற வண்டிக்கு என் பெயரைத்தான் சொல்லும் என்றாள். பிறகு தாள்களை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.